மண்டையோட்டுக்குக் கற்பூரம்

ஊத்துக்கோட்டைக் கடைவீதி முடிந்து சத்தியவேடு சாலை தொடங்குகிற இடத்தில்தான் கையில் பெயின்ட் காயாமல் இருப்பதைக் கவனித்தேன். வலது கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை நீலம். துடைக்கிற துணியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். திரும்பிப் போய் எடுக்கிற நிலைமை இல்லை. சாலையோரப் புழுதியை அள்ளித் தேய்த்துக்கொண்டே நடந்தேன். எனாமல் புழுதிக்குப் போகாது. கை சேற்று நிறமானதுதான் மிச்சம்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நான் ஓர் அரிசி மண்டி வாசலில் ஏணிமேல் நின்று பலகை எழுதிக்கொண்டிருந்தேன். கடைப் பெயர் முடிந்து, அரிசி மண்டி என்பதும் முடிந்து, கடைசி வரி மட்டும் பாக்கி. எதிர்க் கடையில் டீ குடிக்க சைக்கிளை நிறுத்திய கான்ஸ்டபிள் ஒருவர் தம்ளரைக் கையில் வைத்தபடியே ஏணிக்கடியில் வந்து நின்றார்.

"டேய், இப்பிடித் திரும்பு. உன்ன எங்கியோ பாத்துகீறேன்."

எங்கே என்று எனக்குத் தெரியும். திரும்பினேன்.

"திருவள்ளூர் கேடி லிஸ்ட்ல இருந்தவன்தானே நீ?"

"ஆமா சார்."

"இங்க இன்னா பண்ற?"

"எழுதறேன் சார்."

"எழுதறியா, உள்ள எத்தினி மூட்டை கீதுன்னு எண்ணிக்கினு இருக்கியா?"

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கான்ஸ்டபிள் அதோடு டீயை முடித்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு என்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. ஆனால் மண்டிக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்துவிட்டார்.

"நைனா, நீ எறங்கிடு."

"ஒரு வரிதாங்க பாக்கி."

"எழுத்து நல்லாத்தான் கீது. இல்லன்னு சொல்லல. எனக்கு பேஜாரு வேணாம். மிச்சத்த வேற ஆள வெச்சி எழுதிக்கறேன்."

இறங்கினேன். பெட்டியை எடுத்துக்கொண்டேன். மிச்சத்தை எழுத வருகிறவன் மேலே நான் போட்ட எழுத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திண்டாடப்போகிறான் என்று அப்போதே தோன்றியது. அது ஆறுதலுக்காக நினைத்தது அல்ல. எழுதத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. எழுதியது யார் என்பதுதான் எங்கே போனாலும் தகராறாக இருந்தது.

கேடி என்பது திட்டுவதற்கான சொல்லாக இன்று எல்லோர் வாயிலும் வருகிறது. எனக்கு அது போலீஸ் ஸ்டேஷனில் தெரிந்த குற்றவாளிகள் பட்டியலில் ஒரு பதிவு. திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நெல் மில்லில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, செங்கல் சூளை, கரும்பு வெட்டு, லாரி கிளீனர் என்று சுற்றிவிட்டு வந்து சேர்ந்த இடம் அது. மில்லில் மெஷின் ஓட்டுகிற பழைய தோல் பெல்ட் ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு போய்ச் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தேன். பசிக்காகத் திருடினேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு வசதியாக இருக்கும். அன்று மதியம் நான் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். பெல்ட் கேட்பாரில்லாமல் கிடந்தது, எடுத்தேன். மூன்று மாதம் உள்ளே இருந்தேன். வெளியே வந்தபோது பட்டியலில் சேர்த்திருந்தார்கள்.

பட்டியலில் இருந்தால் என்ன ஆகும் என்றால், திருவள்ளூரில் அமாவாசைக்கு அமாவாசை பெருமாள் கோயிலுக்குக் கூட்டம் வரும். நேர்த்திக்கடனாகக் குளத்தில் வெல்லம் கரைக்க எங்கெங்கிருந்தோ வருவார்கள். அந்தக் கூட்டத்தில் ஜேப்படி நடக்காமல் இருக்க எங்களைப் போன்றவர்கள் விடிகாலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய் உட்கார வேண்டும். பொழுது சாய்ந்ததும் விட்டுவிடுவார்கள். நான் ஜேப்படி செய்ததே கிடையாது. அதைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. பேருந்து நிலையத்தில் ஒரு பலகையில் எங்கள் போட்டோக்களை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். மேல் வரிசையில் மூன்றாவது நான்.

நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு ஆகாது. ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டேன். தீ அணைக்கிற மணல் வாளிகளுக்குச் சிவப்பு அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். பிறகு வாளிகளில் எண் போடச் சொன்னார்கள். எண் போட்டபோது என் கை நடுங்காமல் ஓடுவதைப் பார்த்தேன். அது எனக்கே புதிய செய்தி. அடுத்த அமாவாசைக்குள் தீப்பெட்டி, சோடா பாட்டில், சினிமா போஸ்டர் என்று எழுத்து இருந்த எதையும் விடாமல் பார்த்து, கரித்துண்டால் மில் சுவரிலும் பாலத்துச் சுவரிலும் எழுதிப் பழகினேன். ஆறேழு அமாவாசை போயிருக்கும். பேருந்து நிலையத்துப் பலகை மழையில் அழிந்துவிட்டது, புதிதாக எழுது என்றார்கள். ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை. என் போட்டோவுக்கு மேலே அதை நான்தான் எழுதினேன். கொட்டை எழுத்து, கறுப்பில் எழுதி வெள்ளையில் நிழல் கொடுத்தேன். முடித்துவிட்டு ஓரமாக நின்றபோது, பூண்டிக்குப் போகிற பஸ்ஸுக்காக நின்ற இரண்டு பேரில் ஒருவர் மற்றவரிடம் சொன்னார்:

"எழுத்து சூப்பரா கீதுடா. எவன் எழுதினான்னு தெரியல."

இருபத்திரண்டு வயது வரை என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. போட்டோவை அவர்கள் பார்க்கவே இல்லை. இனி என்ன வேலை செய்வது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பின்னாளில் என் படங்களைச் சுவரில் மாட்டி, எங்கே பயின்றீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. ஸ்டேஷனில் என்று சொன்னால் ரயில்வே ஸ்டேஷன் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்துவதில்லை.

முடிவு செய்வது சுலபம். அமாவாசைக்கு வரச் சொல்வதை இரண்டு வருஷத்தில் விட்டுவிட்டார்கள். பெயரை அடித்தார்களா என்று தெரியாது. நான் திருவள்ளூரை விட்டுக் கிளம்பினேன். பொதட்டூர்பேட்டையில் ஐந்து மாதம் இருந்தேன். நெசவுக்காரர்கள் நிறைந்த ஊர். கடைப் பலகைகள், வண்டிகள், ஒரு பஜனைக் கூடத்தின் உட்சுவர் என்று வேலை இருந்தது. மெட்ராஸில் சினிமா பேனர் வரைகிற இடத்தில் வளர்ந்த அநாதை என்று சொல்லிவைத்திருந்தேன். ஒரு வீட்டில் தங்க இடமும் சோறும் கொடுத்தார்கள். ஒரு கல்யாணத்துக்குத் திருவள்ளூரிலிருந்து வந்த உறவுக்காரர் என்னைப் பார்த்ததும் பொய் உடைந்தது. அந்த வீட்டுக்காரர் என்னை அடிக்கவில்லை.

"திருடன்றது போவட்டும். அஞ்சு மாசம் எங்க சோத்த துன்னுக்கினே கத கட்டினியே, அத்த எப்பிடிடா தாங்கறது?" என்றார்.

திருட்டுக்கு மூன்று மாதம் கொடுத்தார்கள், முடிந்தது. இந்தப் பொய்க்கு எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. அதனால் ஊத்துக்கோட்டையில் கேட்டால் சொல்வது என்று இருந்தேன். கேட்காமல் நானாகச் சொல்லவில்லை. அதன் விளைவுதான் ஏணியிலிருந்து இறங்கியது.

சத்தியவேட்டைத் தாண்டியதும் சவுக்குக் கட்டை ஏற்றிய லாரி ஒன்று நிறுத்தி என்னை ஏற்றிக்கொண்டது. கட்டைகள்மேல் உட்கார்ந்தபடி, இனி எங்கே இறங்கினாலும் அங்கேயே நிற்பது, துரத்தினாலும் போகாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடிப்பது என்று நினைத்துக்கொண்டேன். லாரி மாலை நான்கு மணிக்குக் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் பெரிய சாலையில் இறக்கிவிட்டது. எழுபதுகளின் நடுவில் அந்தப் பக்கம் முள்காட்டை வெட்டிப் புதுப்புதுத் தொழிற்சாலைக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்கே பார்த்தாலும் வெறும் சுவர். பெயர் எழுதாத கேட்டு, எண் போடாத கதவு. எனக்கு அது பச்சை வயல் மாதிரித் தெரிந்தது.

ஒரு கொட்டகைக்கு எதிரே ஓலைப் பந்தல் போட்டு ஒரு அம்மாள் டீக்கடை வைத்திருந்தாள். தெலுங்கு கலந்த பேச்சு.

"இன்னா நைனா, பொட்டியத் தூக்கினு? பெயின்டரா?"

"ஆமாக்கா."

"மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தன் வந்தானே, அவனுக்கு நீ சொந்தமா?"

"இல்ல. ஏன்?"

"சொந்தம்னா உனக்கு டீ கெடையாது. அவன் போட்டுட்டுப் போன போர்டால ஊரே ரெண்டாப் பூட்ச்சி. போய்ப் பாரு. வெளிய இருந்தே தெரியும்."

டீ குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். வேலை முடிகிற நேரம், கேட்டு திறந்தே கிடந்தது. கேட்டுக்கு உள்ளே, கம்பி வேலி போட்ட ஒரு சதுரத்துக்குள் டிரான்ஸ்பார்மர் நின்றது. வேலியில் ஒரு தகரப் பலகை கட்டியிருந்தது. சிவப்புப் பின்னணியில் வெள்ளை மண்டையோடு, கீழே குறுக்காக இரண்டு எலும்பு. நல்ல கை. பல்வரிசை எண்ணி வைத்ததுபோல் இருந்தது. அபாயம் என்று நான்கு மொழிகளில் எழுதியிருந்தது. ஆனால் மண்டையோட்டின் நெற்றியில் இவ்வளவு பெரிய குங்குமப் பொட்டு. இரண்டு பக்கமும் மஞ்சள் பூச்சு. வேலிக்கம்பியில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. கீழே கற்பூரம் எரிந்த கறை.

மணல் சுமக்கிற பெண்கள் வேலை முடிந்து கூடையைக் கவிழ்த்துவிட்டு அதன் எதிரே நின்றிருந்தார்கள். அவர்களில் மூத்தவள், பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வருகிறவள், என்னைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தம்பி, செருப்பக் கழட்டிட்டு வா."

"இன்னாக்கா இது?"

"பாத்தா தெரியல? அங்காளம்மா."

மாசி மாதம் மயானக் கொள்ளைக்கு அங்காளம்மன் மண்டையோட்டைக் கையில் ஏந்தித்தான் வருவாள். எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் அது தெரியும். மெட்ராஸ்காரனுக்கு அது தோன்றவில்லை. அதோடு சிவப்பை வேறு அடித்து வைத்திருந்தான்.

"இது கரண்டு போர்டுக்கா. கிட்ட வராதன்னு போட்டு கீது."

"அத்தான் நானும் சொல்றேன். அவ இருக்கற எடத்துல கெட்டது கிட்ட வராது."

மற்ற பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அப்போது பேன்ட் போட்ட சூப்பர்வைசர் ஒருவர் வேகமாக வந்தார். தெற்கத்திக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"இன்னைக்கும் கொளுத்தியாச்சா? ஏம்மா, உள்ளே முழுக்க எண்ணெய் நிக்குது. பத்திக்கிட்டா நீயும் போவ, நானும் போவேன்."

"அவ இருக்கற வரிக்கும் பத்திக்காது சார்."

"போன மாசம் இதே இடத்துல ஒருத்தன் செத்தானே?"

"அப்ப அவ இல்லியே சார். போர்டு அதுக்கப்புறந்தானே வந்துச்சு."

பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஒருத்தி போகிற போக்கில் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சூப்பர்வைசர் கண்ணை மூடிக்கொண்டார். பலகையை ஒருநாள் கழற்றி வைத்ததாகவும், அன்று ஓர் ஆள்கூட கேட்டுக்குள் நுழையவில்லை என்றும் அவரே என்னிடம் சொன்னார். நான் யார் என்று தெரியாமலேதான் சொன்னார். யாரிடமாவது சொன்னால் போதும் என்கிற நிலையில் இருந்தார்.

"சார், நான் வேற படம் போட்டுத் தரேன்," என்றேன்.

"நீ யாருய்யா?"

அதுவரை பெயின்டர் என்றுதான் சொல்லிவந்தேன். அன்று, "ஆர்ட்டிஸ்ட்," என்றேன்.

அவர் என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார். "மண்டையோட்டை விடப் பயமா என்னய்யா படம் இருக்கு?"

"பயமா வேணாம் சார். பயமா இருந்தா கும்புடுவாங்க."

இதைச் சொல்லும்போது எனக்கு வேறொன்று ஞாபகத்தில் இருந்தது. நான் உள்ளே போய்விட்டு வந்தபின் ஊரில் யாரும் என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. பயமாக இருந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாவது கிடைத்திருக்கும். விலகிப் போனார்கள், அவ்வளவுதான். அதிலும் முதலில் விலகியவர்கள் மில்லில் என்னோடு வேலை செய்தவர்கள். அந்தப் பெல்ட் கிடந்ததை அவர்களும் பார்த்திருந்தார்கள். எடுத்தால் என்ன என்று அவர்களுக்கும் ஒரு நிமிஷம் தோன்றியிருக்கும். எனக்கு வந்தது தங்களுக்கும் வந்திருக்கலாம் என்பதால்தான் என் பக்கத்தில் அவர்களால் நிற்க முடியவில்லை. மனிதனை விலக வைப்பது எது என்பது எனக்குத் தெரிந்த அளவு மெட்ராஸ் பெயின்டருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

செத்துப்போனவர் அந்த நேரத்தில் எந்த நிலையில் நின்றார் என்று கேட்டேன். மணல் சுமக்கிற மூத்தவள்தான் பக்கத்திலிருந்து பார்த்தவள். கேட்டு வரை போய்விட்டவளைச் சூப்பர்வைசர் திரும்பக் கூப்பிட்டார், மற்றவர்களும் கூடவே வந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த நேரம், லோடு இறக்கிக்கொண்டிருந்தவர் வழுக்கிவிடாமல் இருக்க, அப்போது வேலி போடாத டிரான்ஸ்பார்மரின் பியூஸ் பெட்டியில் கையை ஊன்றினாராம்.

"எப்பிடின்னு நின்னு காட்டுக்கா."

"போடா, எனக்கு இன்னா தலையெழுத்து?"

"காட்டுமா," என்றார் சூப்பர்வைசர். "படம் நல்லாயில்லேன்னா அம்மனை எடுக்கவே மாட்டேன். சத்தியம்."

அவள் திட்டிக்கொண்டே நின்று காட்டினாள். வலது கை மேலே, விரல்கள் ஒட்டிக்கொண்டாற்போல. தோள் காதுவரை ஏறி, முதுகு வில்லாக உள்வாங்கி, ஒரு கால் தரையில் பாதியாக. "இந்தக் கால்ல செருப்பு கழண்டு அங்கப் போய்க் கெடந்துச்சு," என்றாள். டீக்கடை அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு வாங்கி வந்தேன். மணல் குவியலுக்குப் போகிற வழியில் ஒரு கல்நார் தகடு சாய்த்து வைத்திருந்தது. அதில் வரைந்தேன்.

பின்பக்கமாகத்தான் வரைந்தேன். முகம் எனக்கு அப்போது வராது. எழுத்து வரும், மாடு வரும், தாமரை வரும். முகம் போட்டால் எல்லோரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். அதனால் முதுகு. லுங்கியை மடித்துக் கட்டியது, முண்டாசு அவிழ்ந்து தோளில் தொங்குவது, ஒட்டிய கை, தள்ளிக் கிடக்கிற ஒற்றைச் செருப்பு. கால் மணி நேரம் ஆகியிருக்கும். நிமிர்ந்தேன். மூத்தவள் நின்று காட்டிய இடத்தில் இல்லை. நாலடி பின்னால் போயிருந்தாள்.

"அந்த அண்ணன்தான்," என்றாள். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "வாங்கடி, நேரமாச்சு. இந்தப் பக்கமா வராதீங்க, அப்பிடிச் சுத்திக்கினு வாங்க."

சூப்பர்வைசர் படத்தையும் அவர்கள் போன வழியையும் பார்த்தார். காலையில் வா என்றார். இரண்டடி போய்விட்டுத் திரும்பினார்.

"எந்த ஊரு நீ? தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வா. உள்ளே பொருள் இருக்கிற இடம். ஆள் சொல்லாம யாரையும் எடுக்க எனக்கு உத்தரவு இல்லே."

டீக்கடைக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னேன். கடைக்கார அம்மாள் தம்ளர்களைக் கழுவிக்கொண்டே, "இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுகீற? நான் வரேன். என் தம்பி, ஊர்லேர்ந்து வந்துகீறான்னு சொல்றேன். அந்த ஆளு எங்கிட்டதான் நாஷ்டா துன்றாரு, நம்புவாரு," என்றாள்.

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். அவள் வாயைத் திறந்தால் நாளையிலிருந்து நான் ஒரு தொழிற்சாலைக்குப் படம் போடுகிறவன். பொதட்டூர்பேட்டை போல ஐந்து மாதம் ஓடும். அதிகம் போனால் ஒரு வருஷம். பிறகு ஒரு கல்யாணம், ஓர் உறவுக்காரர். அப்போது இந்த அம்மாளும் பொய்க்காரி ஆவாள், அந்தச் சூப்பர்வைசருக்கு இங்கே சோறும் கசக்கும்.

"வேணாங்க்கா," என்றேன்.

"ஏன், எனக்குத் தம்பியா இருக்க உனக்கு கவுரவக் கொறச்சலா?"

"நான் கேடிக்கா. பெல்ட் திருடி உள்ள போய்ட்டு வந்தவன்."

அவள் தம்ளரைக் கழுவுவதை நிறுத்தவில்லை. "சரி. சொல்லாம இருந்திருந்தா தம்பி. சொல்லிட்டியா, ஒரு ஓரமாப் படு. கல்லாப் பக்கம் வராத," என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். தெரியவில்லை. ஆனால் சோறு போட்டாள். நாற்பது கிலோமீட்டர் வழியில் பாதிக்குமேல் நடந்த உடம்பு. படுத்ததும் தூங்கிவிட்டேன்.

காலையில் கேட்டுக்கு முன்னால் சூப்பர்வைசருக்காக நின்றேன். தனியாக நிற்பதைப் பார்த்ததும் அவர் புருவத்தை உயர்த்தினார்.

"ஆள் எங்கே?"

"ஆள் இல்ல சார். என்னத் தெரிஞ்சவங்க யார் வந்தாலும் ஒண்ணுதான் சொல்வாங்க. அத்த நானே சொல்லிடறேன்."

பெல்ட், மூன்று மாதம், பட்டியல், பேருந்து நிலையத்துப் போட்டோ, முந்தின நாள் ஊத்துக்கோட்டையில் ஏணியிலிருந்து இறங்கியது என்று எதையும் விடாமல் சொன்னேன். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு காலமாக எனக்கு அது பெரிய கதை என்று ஒரு நினைப்பு.

அவர் கொட்டகை மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த குவியலைக் காட்டினார். "அது என்னன்னு தெரியுமா?"

"காப்பர் ஒயர். நேத்தே பாத்தேன்."

"பாத்துட்டியா!"

"ஒரு மூலை தெறந்து கெடக்குது சார். இழுத்து மூடுங்க. யார் வேணா பாப்பாங்க."

"திருடன்னு சொல்லிக்கிட்டு வேலை கேக்கிற ஆளை இன்னைக்குத்தான்யா பாக்கிறேன்."

"திருடன்னு சொல்லல சார். திருடினேன்னு சொன்னேன்."

அவர் உள்ளே நடந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். உள்ளே போய்விட்டால் கெஞ்சுவதாகிவிடும். கெஞ்சுகிற உத்தேசம் எனக்கு இல்லை. பதில் தெரியாமல் அங்கிருந்து நகருவதாகவும் இல்லை.

சூப்பர்வைசர் கல்நார் தகட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். மணல் குவியலுக்கு எல்லோரும் நடந்து நடந்து தேய்ந்த பழைய தடம், தகட்டை ஒட்டியே நேராகப் போகும். அதில் அன்று காலை ஒரு காலடிகூட இல்லை. பெண்கள் காலையில் ஒரு நடை மணல் எடுத்திருந்தார்கள். ஈர மணலில் புதிய காலடிகள் தகட்டிலிருந்து பத்தடி தள்ளி, அரைவட்டமாக வளைந்து போய்ச் சேர்ந்திருந்தன.

"கரியில போட்டதுக்கே இப்படி," என்றார்.

"பெயின்ட்ல போட்டா இன்னும் தள்ளிப் போவாங்க சார்."

"மேலே கேட்டா நான் என்ன சொல்ல?"

"இத்தக் காட்டுங்க."

காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை வேலை. பெட்டியை உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் வாட்ச்மேன் திறந்து பார்ப்பார். தார்ப்பாய் பக்கம் போகக் கூடாது. ஒரு போர்டு பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம். இவைதான் நிபந்தனைகள். சரி என்றேன். பெட்டியைத் திறந்து பார்ப்பது எனக்கு அவமானமாகப் படவில்லை. மற்றவர்கள் பெட்டியையும் திறந்துதான் பார்த்தார்கள்.

பழைய பலகையைக் கழற்றப் போனபோது மூத்தவள் கூடையோடு வந்து குறுக்கே நின்றாள்.

"அவள எங்கடா கொண்டுபோற?"

"கேட்டுக்கு வெளிய வேப்பமரத்துல கட்டறேங்க்கா. அங்க உன் இஷ்டத்துக்குக் கொளுத்து, யாரும் கேக்கமாட்டாங்க."

"சும்மா தூக்கிட்டுப் போயிடுவியா? கேட்டுட்டுத் தூக்கு."

கற்பூரத்தை முந்தானை முடிச்சிலிருந்து அவளே எடுத்துக் கொடுத்தாள். சூப்பர்வைசர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வேலியிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்த் தரையில் வைத்து ஏற்றினேன். அணைந்ததும் பலகையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் மரத்தில் கட்டிவிட்டு வந்தேன். மெட்ராஸ்காரனின் கைவேலையை அழிக்காமல் விட்டதில் எனக்கும் திருப்தி.

ஸ்டோரில் புதுத் தகரம் ஒன்று கொடுத்து, சிவப்பு டப்பாவை எடுத்து நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். மஞ்சளை நீட்டினார்கள். அதுவும் வேண்டாம், இரண்டும் அங்காளம்மாவுடையவை. மெஷினுக்கு அடிக்கிற சாம்பல் நிறம் இருந்தது. அதைக் கேட்டு வாங்கினேன். தகரத்தை உப்புத்தாளால் தேய்த்து, சாம்பல் அடித்து, நிழலில் காயவைத்தேன். காய்கிற நேரத்தில் சும்மா உட்காராமல், கதவுகளுக்கு எண் வேண்டுமா என்று கேட்டு, ஐந்து கதவுகளுக்கு எழுதி முடித்தேன். பதினொரு மணிக்கு வந்து தகரத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. கறுப்பைக் குழைத்து, முதுகிலிருந்து தொடங்கினேன்.